ரோடேட்டாவிலிருந்து ஹீப் வரை: ஒரு சரமாறிலியின் செலவுக் கணக்கு

சி, சி++ நிரல்களில் மேற்கோள் குறிகளுக்குள் நாம் எழுதும் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு சரமாறிலியும், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே தனக்கான இடத்தைப் பெற்றுவிடுகிறது. லினக்ஸில் உருவாகும் இயங்கு கோப்பில் அந்த இடத்திற்கு ரோடேட்டா என்று பெயர்; படிக்க மட்டுமே அனுமதி உள்ள பகுதி அது. நிரலை ஏற்றும்போது இயக்குதளம் அந்தப் பகுதியைக் கோப்பிலிருந்து நேரடியாக நினைவகத்தோடு பொருத்திவிடுகிறது. அதற்காக யாரும் நினைவகத்தில் இடம் கேட்கும் மால்லாக் செயற்கூறை அழைப்பதில்லை, நகலெடுப்பதில்லை, வேலை முடிந்தபின் விடுவிப்பதும் இல்லை. ஒரே நிரலைப் பத்துப் பேர் ஒரே கணினியில் ஓட்டினாலும் அந்தப் பக்கங்கள் நினைவகத்தில் ஒருமுறைதான் இருக்கும். இவ்வளவு மலிவாகக் கிடைத்த ஒன்றை, அடுத்த வரியிலேயே ஹீப்பில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதியில், இடம் பிடித்து நகலெடுத்து, சில நொடித்துளிகளில் தூக்கியெறியும் நிரல்களை நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன்; எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நகல் நடப்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. நாம் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் இதில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். இங்கே சொல்பவை எல்லாம் 64 பிட் லினக்ஸில் ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களையும் மனத்தில் கொண்டவை.

முதலில் கம்பைலரும், அது தரும் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரும் நமக்குச் சொல்லாமலே செய்யும் நன்மைகளைப் பார்த்துவிடலாம். ஒரே சரம் நிரலில் இருபது இடங்களில் வந்தாலும் அதற்கு இருபது நகல்கள் தேவையில்லை. ஒரே கோப்புக்குள் இருப்பவற்றைக் கம்பைலரே ஒன்றாக்கிவிடுகிறது. வெவ்வேறு கோப்புகளில் இருப்பவற்றை ஒன்றாக்குவது லிங்கரின் வேலை. அது நடப்பதற்காகக் கம்பைலர் சரங்களைத் தனியான ஒரு பிரிவில் வைத்து, இதில் இருப்பவை பூஜ்ய பைட்டில் முடியும் சரங்கள், இவற்றை ஒன்றுசேர்க்கலாம் என்று இரண்டு கொடிகளை அந்தப் பிரிவின் மேல் குறித்துவைக்கிறது. ஜிசிசியில் முதல் நிலை மேம்படுத்தலைக் கேட்டாலே இது நடக்கும்.

லிங்கர் இதற்கும் ஒரு படி மேலே போகக்கூடியது. ஒரு நிரலில் ‘மாம்பழம்’ என்ற சரமும் ‘பழம்’ என்ற சரமும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். யுடிஎஃப்-8 குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும், அதாவது உயிரெழுத்து, அகர உயிர்மெய், துணைக்குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும், 3 பைட் எடுத்துக்கொள்ளும். ‘மாம்பழம்’ 8 குறிப்புள்ளிகள் கொண்டது; 24 பைட், முடிவில் ஒரு பூஜ்யம், ஆக 25. அதன் கடைசி 4 குறிப்புள்ளிகளும் பூஜ்யமும் சேர்ந்தால் அதுவே ‘பழம்’. எனவே லிங்கர் ‘பழம்’ என்பதற்குத் தனி இடம் ஒதுக்காமல், ‘மாம்பழம்’ தொடங்கும் முகவரியிலிருந்து 12 பைட் தள்ளிய முகவரியைக் கொடுத்துவிடலாம். இதை வால்பகுதி இணைப்பு என்பார்கள். எல்எல்டி லிங்கரில் இரண்டாம் நிலை மேம்படுத்தலைக் கேட்டால் இது நடைபெறும். ‘பலாப்பழம்’ என்ற இன்னொரு சரமும் இருந்தால் அது ‘மாம்பழம்’ என்பதோடு ஒன்றாகாது, ஏனெனில் தலைப்பகுதி வேறு. ஆனால் ‘பழம்’ இந்த இரண்டில் ஏதேனும் ஒன்றின் வாலில் குடியேறிவிடும். விகுதிகள் சொல்லின் கடைசியில் வந்து சேரும் தமிழ் போன்ற மொழியில், செய்திச் சரங்கள் நிறைந்த ஒரு நிரலுக்கு இந்த ஏற்பாடு பொருந்திவருவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும்.

இப்படிப் பகிர்ந்துகொள்வது பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் யாரும் அந்தச் சரங்களை மாற்றக்கூடாது. ‘பழம்’ என்பதன் முதல் பைட்டை ஒருவர் மாற்றினால் ‘மாம்பழம்’ கெட்டுவிடும். சி மொழியின் தரநிலை, சரமாறிலியில் எழுதுவதன் விளைவை வரையறுக்காமலே விட்டிருக்கிறது. இரண்டு ஒரே மாதிரியான மாறிலிகள் ஒரே முகவரியில் இருக்குமா என்பதையும் கம்பைலரின் விருப்பத்திற்கு விட்டிருக்கிறது. பழைய நிரல்கள் சரமாறிலிகளில் எழுதிக்கொண்டிருந்ததால், அவற்றுக்காக எழுதக்கூடிய சரங்கள் என்றொரு விருப்பத்தேர்வை ஜிசிசி நெடுங்காலம் வைத்திருந்தது. 2005இல் வந்த 4.0 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இன்று எழுத முயன்றால் நிரல் அந்த இடத்திலேயே விழும். அது நல்லதுதான்.

அடுத்ததாக, சரம் இயங்கு கோப்பிலேயே இல்லாமல் போய்விடும் இடங்கள். சரமாறிலியின் நீளத்தை ஸ்டர்லென் மூலம் கேட்டால், கம்பைலர் அந்த அழைப்பையே எடுத்துவிட்டு எண்ணை வைத்துவிடும். வரிமுறிவில் முடியும் ஒரு சரத்தை மட்டும் பிரின்ட்எஃப் மூலம் அச்சிட்டால், அதை புட்ஸ் அழைப்பாக மாற்றி, சரத்தின் கடைசியில் இருந்த வரிமுறிவையும் நீக்கிவிடும், ஏனெனில் புட்ஸ் தானே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பிரின்ட்எஃப் திருப்பித் தரும் மதிப்பை நாம் எங்காவது பயன்படுத்தியிருந்தால் இந்த மாற்றம் நடக்காது. அது எத்தனை பைட்டுகள் அச்சாயின என்று சொல்லக்கூடியது, புட்ஸுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஒரு நூலகச் செயற்கூறு என்ன வாக்களிக்கிறது என்பதைக் கம்பைலர் இந்த அளவுக்கு அறிந்துவைத்திருக்கிறது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வலைச் சேவையகங்களில் இருக்கிறது. வந்திருக்கும் கோரிக்கை ‘கெட்’ வகையா என்று பார்க்க, அதன் முதல் 4 பைட்டுகளை மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் கொண்ட மாறிலியோடு மெம்கம்ப் மூலம் ஒப்பிடுகிறோம். மேம்படுத்தலோடு தொகுத்து, கிடைக்கும் அசெம்பிளியை (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவத்தை) திறந்தால் மெம்கம்ப் என்ற பெயரே அங்கு இருக்காது. அந்த 4 பைட்டுகளை ஒரே 32 பிட் எண்ணாக ஏற்றி, 542393671 என்ற எண்ணோடு ஒப்பிடும் ஒற்றைக் கட்டளைதான் இருக்கும். அந்த எண் வேறொன்றுமில்லை: நான்கு எழுத்துகளின் குறியெண்களையும், சிறிய பைட் முதலில் வரும் முறைப்படி, வரிசையாக அடுக்கினால் கிடைப்பது. சரம் தரவுப் பகுதியை விட்டே வெளியேறி, கட்டளைக்குள் ஓர் எண்ணாகக் கரைந்துவிட்டது. முன்பெல்லாம் இதே எண்ணைக் கைப்பட எழுதி வேகத்தைத் தேடியவர்கள் உண்டு. இன்று அதற்குத் தேவையில்லை. படிக்கத்தக்கதாக எழுதினால் போதும்.

நினைவக ஒதுக்கீட்டுப் பக்கமும் கம்பைலர்கள் சும்மா இருப்பதில்லை. மால்லாக் மூலம் இடம் பெற்று, அதைப் பயன்படுத்தாமலே ஃப்ரீ செய்தால், இரண்டு அழைப்புகளும் சேர்ந்து மறைந்துவிடும். மால்லாக்கை அடுத்து மெம்செட் மூலம் பூஜ்யம் நிரப்பினால், இரண்டையும் சேர்த்து, பூஜ்யம் நிரம்பிய இடத்தையே தரும் ஒரு காலாக் அழைப்பாக்கிவிடும். இயக்குதளத்திடமிருந்து புதிதாக வரும் பக்கங்கள் ஏற்கெனவே பூஜ்யமாகவே இருப்பதால், பெரிய ஒதுக்கீடுகளில் நிரப்பும் வேலையே மிச்சமாகிறது. கிளாங் இதில் இன்னும் துணிச்சலானது. கிடைத்த சுட்டி (இடத்தின் முகவரி) வெற்றா என்று மட்டும் சோதித்துவிட்டு வேறெதற்கும் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒதுக்கீடு வெற்றி பெற்றதாகவே கருதிக்கொண்டு சோதனையையும் ஒதுக்கீட்டையும் சேர்த்து நீக்கிவிடும். எந்தக் கணினியாலும் தர முடியாத அளவைக் கேட்டாலும் ‘கிடைத்தது’ என்றே விடை வரும். நடக்காத ஒதுக்கீடு தோற்பதற்கு இடமில்லை என்பது அதன் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சி++இல் நிலைமை சற்றுச் சிக்கலானது. இடம் ஒதுக்கும் நியூ செயற்குறியை நிரலாளர் தம் விருப்பப்படி மாற்றி எழுதிக்கொள்ளலாம். அந்த மாற்று வடிவம் ஒவ்வோர் அழைப்பையும் எண்ணிக்கொண்டிருக்கலாம், பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அப்படியிருக்கக் கம்பைலர் அழைப்பை எப்படி நீக்க முடியும்? இதற்கு சி++14 தரநிலை வெளிப்படையாகவே அனுமதி கொடுத்தது: நியூ கோவைகள் செய்யும் ஒதுக்கீடுகளை விட்டுவிடலாம், ஒன்றோடொன்று சேர்க்கலாம், வேறிடத்தில் இடம் கொடுக்கலாம். கிளாங் இதை முன்னதாகவே பயன்படுத்திக்கொண்டது. ஜிசிசி தேவையற்ற நியூ, டெலிட் இணைகளை நீக்கத் தொடங்கியது 10ஆம் பதிப்பிலிருந்து.

இவ்வளவு அனுமதியும் திறமையும் இருந்தும், சரமாறிலியிலிருந்து சி++இன் ஸ்ட்ரிங் பொருளை உருவாக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. ஸ்ட்ரிங் என்பது தன் உள்ளடக்கத்திற்குத் தானே உரிமையாளராக இருக்கும் வகை. ரோடேட்டாவில் இருக்கும் பைட்டுகளை அது சுட்டிக்காட்டிக்கொண்டு இருக்க முடியாது. தனக்கென ஒரு நகல் வேண்டும். நகல் சிறியதாக இருந்தால் ஹீப்புக்குப் போகாமல் பொருளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இன்றைய நூலகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஜிசிசியோடு வரும் நூலகத்தில் ஸ்ட்ரிங் பொருளின் அளவு 32 பைட். அதற்குள் 15 பைட் வரை உள்ள சரம் அடங்கும். கிளாங்கை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டத்தின் லிப்சி++ நூலகத்தில் பொருள் 24 பைட்தான், ஆனால் கெட்டிக்காரத்தனமாக அடுக்கியிருப்பதால் 22 பைட் வரை கொள்ளும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு 15 என்பது தாராளமான எல்லை. திருச்சிராப்பள்ளி என்ற நீண்ட ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 15 எழுத்துகள். அதுகூட உள்ளே அடங்கிவிடும். தமிழில் எழுதினால் ஐந்து குறிப்புள்ளிகளோடு இடம் முடிந்துவிடுகிறது. ‘தமிழ்’ சரியாக 15 பைட், மயிரிழையில் அடங்கும். ‘மதுரை’, ‘சேலம்’, ‘நன்றி’ ஆகியவையும் அப்படியே. ‘சென்னை’ 18 பைட். ஜிசிசியின் நூலகத்தில் அது ஹீப்புக்குப் போகும், லிப்சி++இல் போகாது. ‘வணக்கம்’ 21 பைட். அதற்கும் இதே கதைதான். ‘திருச்சி’ 24 பைட். இரண்டிலும் அதற்கு இடமில்லை. தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்கள், சிறு சரங்களுக்குச் செலவில்லை என்ற பொதுவான அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நம்முடைய சாதாரணச் சொற்களில் பெரும்பாலானவை எல்லைக்கு வெளியேதான் விழுகின்றன.

ஓர் எளிய அட்டவணையை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னை, மதுரை, சேலம், ஈரோடு, திருச்சி ஆகிய ஐந்து ஊர்ப்பெயர்களை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாகக் கொடுத்து, ஸ்ட்ரிங்குகளை வரிசையாக வைத்திருக்கும் வெக்டர் ஒன்றை உருவாக்குகிறோம். எல்லோரும் எழுதுவது போன்ற ஒற்றை வரிதான். ஆனால் அந்த அடைப்புக்குறிப் பட்டியல் முதலில் ஐந்து தற்காலிக ஸ்ட்ரிங்குகளை உருவாக்குகிறது. பட்டியலின் உறுப்புகள் மாற்ற முடியாதவை என்பதால் அவற்றை வெக்டருக்குள் நகர்த்த வழியில்லை, நகல்தான் எடுக்க வேண்டும். ஆக, ஹீப்புக்குப் போகும் ஒவ்வொரு பெயரும் இருமுறை போகிறது. ஜிசிசியின் நூலகத்தில் சென்னைக்கு இரண்டு, திருச்சிக்கு இரண்டு, வெக்டரின் சொந்த இடத்திற்கு ஒன்று என்று மொத்தம் ஐந்து ஒதுக்கீடுகள். லிப்சி++இல் மூன்று. தற்காலிகப் பொருள்கள் அழிந்தபின் எஞ்சுவதைப் பார்த்தால், வெக்டரின் 160 பைட்டுக்கு லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் மால்லாக் 176 பைட் துண்டைத் தருகிறது. சென்னையின் 19 பைட்டுக்கு 32, திருச்சியின் 25 பைட்டுக்கு 48. ஒவ்வொரு துண்டிலும் 8 பைட் தலைப்புக்காகப் போய், மொத்தம் 16இன் மடங்காக உயர்த்தப்படுவதால் இப்படி. கூட்டினால் 256 பைட். இதே ஐந்து பெயர்கள் முடிவுப் பூஜ்யங்களையும் சேர்த்து ரோடேட்டாவில் எடுத்துக்கொள்ளும் இடம் 92 பைட்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தமிழில் எழுதுபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது எளிதில் கண்ணில் படாது. ‘ஈரோடு’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்ற இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வடிவத்தில் ‘ஈரோடு’ 15 பைட், இரண்டாவதில் 18. தரவு எந்த வடிவத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து, மேலே சொன்ன ஐந்து ஒதுக்கீடுகள் ஏழாகிவிடும். சரங்களை ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் வேலையைத் தேடலுக்காகவும் ஒப்பீட்டுக்காகவும் எப்படியும் செய்யத்தான் வேண்டும்; சேர்த்தெழுதும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் நினைவகமும் மிச்சமாகும்.

சரி, இந்த நகல்களைக் கம்பைலர் ஏன் நீக்குவதில்லை? ஒரு செயற்கூறுக்குள்ளேயே சரம் பிறந்து, அங்கேயே பயன்பட்டு, அங்கேயே அழிந்தால் பெரும்பாலும் நீக்க வாய்ப்புண்டு. உள்ளே அழைக்கப்படும் ஒவ்வொன்றின் உடலும் கம்பைலரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தச் சரத்தின் முகவரி வேறொரு கோப்பில் எழுதப்பட்ட செயற்கூறுக்குப் போய்விட்டால் வாசல் அடைபட்டுவிடுகிறது. மாறாத ஸ்ட்ரிங்கின் மேற்கோளை, அதாவது நகலெடுக்காமல் மூலப் பொருளையே குறிக்கும் பெயரை, அளபுருவாக (உள்ளீடாக) ஏற்கும் ஒரு செயற்கூறுக்கு நீண்ட சரமாறிலி ஒன்றைச் சுழற்சிக்குள்ளிருந்து அனுப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் நீளம் தெரிந்த ஒரு மாறிலிக்காக இடம் ஒதுக்கப்படும், பைட்டுகள் நகலாகும், இடம் விடுவிக்கப்படும். ஒருமுறை உருவாக்கிய பொருளைச் சுழற்சிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அழைக்கப்படும் செயற்கூறு அந்த முகவரியைக் குறித்துவைக்குமா, மாறாத தன்மையைக் கழற்றிவிட்டு உள்ளே எழுதுமா என்று கம்பைலருக்குத் தெரியாது. மேற்கோளின் முன் மாறாதது என்று எழுதியிருப்பது, அந்த வழியாக மாற்றுவதைத் தடுக்கிறதே தவிர, அடியில் உள்ள பொருள் மாறவே மாறாது என்று உறுதியளிப்பதில்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் நாம் எழுதியபடியே செய்வதுதான் கம்பைலரின் கடமை.

இது ஏட்டளவிலான கவலையும் அல்ல. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தில் பணிபுரிந்தவர்கள் 2014இல் தம் உலாவியின் ஒதுக்கீடுகளை அளந்தபோது, முதன்மைச் செயல்முறையின் ஒதுக்கீடுகளில் ஏறத்தாழ பாதி ஸ்ட்ரிங் வகையால் வந்தவை என்று கண்டார்கள். முகவரிப் பட்டியில் ஒரே ஒரு விசையை அழுத்தினால் 25,000க்கும் மேற்பட்ட ஒதுக்கீடுகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு செயற்கூறு ஸ்ட்ரிங்கிலிருந்து வெறும் சுட்டியை எடுத்து அடுத்ததற்குக் கொடுக்க, அது மீண்டும் ஸ்ட்ரிங்காக மாற்றிக்கொள்ள, அடுத்தது மீண்டும் சுட்டியாக்க என்று ஒரே சரம் அடுக்கடுக்காக நகலாகிக்கொண்டே போனதும் காரணங்களில் ஒன்று. தேர்ந்த பொறியாளர்கள் எழுதிய நிரல் அது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும். செயற்கூறுகளுக்கு இடையிலான எல்லையில்தான் செலவு பிறக்கிறது, அந்த எல்லையில்தான் மேம்படுத்தியின் பார்வையும் முடிகிறது.

சி++17 கொண்டுவந்த ஸ்ட்ரிங்வியூ வகை இந்த இடத்திற்கென்றே அமைந்தது. அது ஒரு சுட்டியும் ஒரு நீளமும் மட்டுமே. உரிமை எதுவும் இல்லை. மாறிலியிலிருந்து அதை உருவாக்கும்போது நீளம் தொகுப்பின்போதே கணக்கிடப்பட்டு, செயலியின் இரண்டு ரெஜிஸ்டர்களில் பயணிக்கும். படிக்க மட்டும் சரம் தேவைப்படும் செயற்கூறுகள் எல்லாவற்றுக்கும் அளபுருவை இப்படி மாற்றுவது, நான் அறிந்தவரை, மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தரும் திருத்தம். முடிவுப் பூஜ்யம் இருக்கும் என்ற உத்தரவாதம் அதற்கு இல்லை என்பதையும், மூலச் சரம் அழிந்தபின் அதைத் தொடக்கூடாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஒதுக்கீடு ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் சில உண்டு. நிபந்தனைச் செயற்குறியின் ஒரு பக்கம் ஸ்ட்ரிங் மாறியும் மறுபக்கம் சரமாறிலியும் இருந்தால், இரு பக்கமும் ஒரே வகையாக வேண்டும் என்பதற்காகப் புதிய ஸ்ட்ரிங் ஒன்று பிறக்கும். பெயர் இருந்தால் பெயரைக் கொடு, இல்லாவிட்டால் ‘பெயரிலி’ என்று கொடு என எழுதும்போது, பெயர் இருந்தாலும் அது நகலாகிவிடுகிறது. ஸ்ட்ரிங்கைத் திறவாகக் கொண்ட மேப்பில் (திறவுக்கு உரிய மதிப்பைத் தேடித்தரும் அமைப்பில்) சரமாறிலியைத் தேடினால், தேடலுக்காக மட்டும் ஒரு தற்காலிக ஸ்ட்ரிங் உருவாகும். சி++14இன் வகை சாராத ஒப்பீட்டியைக் கொடுத்தால் அது நின்றுவிடும். வரிசைப்படுத்தாத மேப்புக்கு இதே வசதி சி++20 வரை வரவில்லை, அப்போதும் திறவை எண்ணாக மாற்றும் ஹேஷ் செயற்கூறை நாமே எழுதித் தர வேண்டியிருக்கிறது. கோ மொழியின் கம்பைலர் இதை நேரடியாகவே கையாள்கிறது என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை: பைட் துண்டு ஒன்றைச் சரமாக மாற்றி அந்த இடத்திலேயே மேப்பில் தேடினால், அந்த மாற்றம் தேடலைத் தாண்டி வாழப்போவதில்லை என்பதை உணர்ந்து நகலெடுக்காமலே தேடிவிடும்.

சி++20இல் ஸ்ட்ரிங் வகையைத் தொகுப்பின்போதே பயன்படுத்தலாம் என்று அனுமதி வந்தபோது, சரமாறிலிக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையிலான பள்ளம் தூர்ந்துவிடும் என்று நானும் எதிர்பார்த்தேன். ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. தொகுப்பின்போது ஒதுக்கிய இடத்தைத் தொகுப்பு முடிவதற்குள் விடுவித்துவிட வேண்டும். அது நிரல் ஓடும் காலம் வரை நீடிக்க முடியாது. ஜிசிசியின் நூலகத்தோடு, முழுநிரலுக்கும் பொதுவான ஒரு தொகுப்புநேர மாறிலியாக ஸ்ட்ரிங் ஒன்றை அறிவித்து அதற்குள் ‘தமிழ்’ என்று வைத்தால், 15 பைட்டும் பொருளுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் ஏற்றுக்கொள்ளும். அதே வரியில் ‘சென்னை’ என்று எழுதினால், விடுவிக்கப்படாத ஒதுக்கீடு இருப்பதாகச் சொல்லித் தொகுக்க மறுத்துவிடும். அந்த வரியில் ஸ்ட்ரிங் என்பதை ஸ்ட்ரிங்வியூ என்று மாற்றினால் இரண்டுமே தொகுபடும். அந்த அறிவிப்புக்காக ஹீப்பில் ஒரு பைட்கூடத் தேவைப்படாது.